கொடுப்பனவு எடுப்பவர் சம்பளத்துக்கு வேலைக்குப் போகலாமா?

கேள்வி – களுவாஞ்சிகுடி, இலங்கை

வணக்கம். நீரிழிவினால் எனது வலது கால் 4 ஆண்டுகளுக்கு முன் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது; செயற்கைக் காலுடன் நடக்கிறேன். அதற்கு முன் அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதி வந்தேன். இப்போது மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவாக 10,000 ரூபாய் பெறுகிறேன். கல்முனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஒருவர் பில் போட முழுநேரமாக அழைக்கிறார். ஆனால், "அரசாங்கம் பத்தாயிரம் தருகிறதே, நான் இருபதாயிரம் தந்தால் கணக்குச் சரிதானே" என்கிறார். ஊழியராகப் பதிவில்லாமல் வந்தால் கொடுப்பனவும் நிற்காதாம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில் – அக்கரைப்பற்று

தம்பி, கணக்கெழுதிய நீங்களே இந்தக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் குறையும் பத்தாயிரத்தை உங்கள் கொடுப்பனவால் நிரப்பச் சொல்கிறார் என்றால், அந்த உதவி உங்களுக்கல்ல, அவருக்குத்தான் போகிறது. முறைப்படி சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதிக்காக (ஓய்வுகாலச் சேமிப்பு) உங்கள் 8 சதவீதம், அதாவது 2,400, கழிந்து 27,600 கையில் வரும். முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதம், 3,600, உங்கள் பெயரில் கட்ட வேண்டும். ஒரேயொரு ஊழியர் உள்ள கடைக்கும் இது பொருந்தும்.

கொடுப்பனவு குறைந்த வருமானம் உடையவர்களுக்கானது என்பதால், சம்பளம் வந்தபின் அது மீளாய்வுக்கு வரக்கூடும். ஆகவே மறைக்காமல், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சேரும் திகதியையும் சம்பளத்தையும் எழுதிக் கொடுத்து, வேலை ஒத்துவராமல் நின்றால் மீண்டும் விண்ணப்பிக்கும் முறையையும் கேட்டு, கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

பதில் – திருக்கோவில்

அண்ணா, நானும் செயற்கைக் காலுடன்தான் தையல் கடையில் வேலை செய்கிறேன். காலையில் இறுக்கமாக இருக்கும் செயற்கைக் கால் மதியத்துக்குள் தளர்ந்து, நடக்கும்போது எஞ்சிய கால் அதன் உள்ளே மேலும் கீழுமாக ஏறியிறங்கும்; அப்போது எஞ்சிய காலுக்கு மாட்டும் துணி உறை இன்னொன்று போடாவிட்டால் தோல் உரிந்துவிடும். உங்களுக்கு நீரிழிவும் இருப்பதால் சிறு கொப்புளத்தையும் அசட்டை செய்யாதீர்கள். கழற்றித் துடைத்துப் பார்க்கப் பத்து நிமிடமும் ஒரு மறைவான மூலையும் தரச் சொல்லுங்கள். சம்பளத்தைப் பேசும்போதே இதையும் பேசிவிட வேண்டும். பிறகு கேட்டால் சலுகை கேட்பதுபோல் ஆகிவிடும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பிரதேச செயலகத்தில் கடிதம் கொடுத்து முத்திரை வாங்கிவிட்டேன். முதலாளி 30,000 என்றதும் முகம் சுளித்தார். ஆனால் ஆலைக் கணக்கில் எனக்குள்ள பழக்கத்தைத் தெரிந்தவர் என்பதால், சேமலாப நிதியோடு சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார். பில் மேசை மட்டும் இரண்டு படி ஏறித்தான் இருக்கிறது. அதைக் கீழே இறக்கித் தரும்படி கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார்.