புதுப்பிப்பு: இரவில் மட்டும் அணைந்து எழும் பிஓஇ கேமரா – கோளாறு கேபிளில்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மேலூர்ப் பக்கம் எங்கள் நெல் கிட்டங்கியில், பகலெல்லாம் ஒழுங்காக ஓடும் பின்வாசல் பிஓஇ கேமரா (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் பெறுவது) பொழுது சாய்ந்ததும் அணைந்து அணைந்து எழுகிறது என்று கேட்டிருந்தேன்.

நெட்வொர்க் சுவிட்சை (கேபிள் வழியே கேமராவுக்கு இணைப்பும் மின்சாரமும் தரும் பெட்டி) மாற்று, ஐபி மோதல் (இரண்டு கருவிகளுக்கு ஒரே நெட்வொர்க் முகவரி) இருக்கிறதா பார் என்று பல யோசனைகள். "கேபிள் கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கண்ணே" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளையாக அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு. இருட்டியதும் கேமராவின் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரிய, கேமரா கூடுதல் மின்சாரம் கேட்கிறது. நீளமான கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே விழுந்து கேமரா அணைகிறது. அணைந்ததும் சுமை குறைந்து மறுபடி எழுகிறது.

உறுதி செய்ய, அதே கேமராவைச் சுவிட்ச் பக்கத்திலேயே குட்டைக் கேபிளில் மாட்டி இரவு முழுக்க ஓட்டினேன். ஒரு தடவைகூட அணையவில்லை. அப்புறம் முழுச் செம்பில் கேட் 6 வகை நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். விலை கூடத்தான், ஆனால் பிரச்சினை போய்விட்டது. நெட்வொர்க் கேபிளின் நீளத்துக்குச் சொல்லும் 100 மீட்டர் வரம்பெல்லாம் செம்புக் கம்பிக்குத்தான் பொருந்தும்.

எதிர்பாராதது ஒன்று: கேமரா விடாமல் ஓடத் தொடங்கியதும் நடுராத்திரியில் அசைவு எச்சரிக்கை கொட்டியது. லென்ஸ் முன் சிலந்தி வலை! ஐஆர் வெளிச்சத்தில் பளிச்சென்று ஆடுகிறது. துடைத்துவிட்டு, ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எச்சரிக்கை என்று மாற்றியபின் அடங்கியது.

முன்வாசல் கேமராவும் பழைய கேபிளில்தான் இருக்கிறது. தூரம் குறைவு, தொல்லை இல்லை, விட்டுவைத்திருக்கிறேன்.