ரெஸ்ட்ரிக்டெட் சரக்கும் "ஃபைன் கட்டி எடுத்துடலாம்" என்ற நம்பிக்கையும்

நவா ஷேவா துறைமுகத்தில் கிளியரிங் வேலை (இறக்குமதிச் சரக்கை சுங்கத்திலிருந்து விடுவிக்கும் வேலை) பார்க்கிறேன். மும்பையில் இம்போர்ட் பண்ணும் நம் ஆட்கள் நிறையப் பேர் ரெஸ்ட்ரிக்டெட், புரொஹிபிடெட் விஷயத்தில் காசை விடுவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) பட்டியலில் புரொஹிபிடெட் என்று இருந்தால் கொண்டுவரவே கூடாது. ரெஸ்ட்ரிக்டெட் என்றால் லைசென்ஸ் வாங்கிக் கொண்டுவரலாம். சரி, இது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் அடுத்த படியில்தான்.

தாராவி அண்ணாச்சி ஒருவர் பழைய ஜெராக்ஸ் மெஷின்களை ஒரு கன்டெய்னர் நிறைய வரவழைத்துவிட்டு, சரக்கு இறங்கிய பிறகு பேப்பரை என் மேசையில் வைத்தார். பழைய ஜெராக்ஸ் மெஷின் ரெஸ்ட்ரிக்டெட். "லைசென்ஸ் எங்கே அண்ணாச்சி?" என்றேன். "தடைன்னு எங்கேயும் போடலையே தம்பி, ஃபைன் கட்டி எடுத்துடலாம்" என்றார்.

இந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது. 1962 சுங்கச் சட்டம் பிரிவு 2(33)ஐப் படித்துப் பாருங்கள். நிபந்தனையோடு அனுமதித்த சரக்கை அந்த நிபந்தனையை நிறைவேற்றாமல் கொண்டுவந்தால் அதுவும் புரொஹிபிடெட் கணக்கில்தான் சேரும். கல்கத்தாவுக்கு லைசென்ஸ் இல்லாமல் வந்த ஒரு பெண்குதிரை வழக்கில், கட்டுப்பாடும் ஒரு வகைத் தடைதான் என்று உச்ச நீதிமன்றம் 1970லேயே சொல்லிவிட்டது. அப்புறம் பிரிவு 125. பறிமுதல் ஆவது மற்ற சரக்கு என்றால் அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பை அதிகாரி கொடுத்தே ஆக வேண்டும்; புரொஹிபிடெட் என்றால் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். ஆக, லைசென்ஸ் இல்லாத ரெஸ்ட்ரிக்டெட் சரக்கு முழுக்க முழுக்க அதிகாரியின் கையில்.

பட்டாணி, பருப்பு வியாபாரிகளைக் கேட்டால் தெரியும். 2019ல் அளவுக் கட்டுப்பாடு வந்தது, சிலர் கோர்ட்டில் இடைக்கால உத்தரவு வாங்கி அளவுக்கு மேல் இறக்கினார்கள், கடைசியில் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் மொத்தச் சரக்கையும் பறிமுதல் பண்ணச் சொல்லிவிட்டது. மீட்கும் வாய்ப்பே இல்லை.

அண்ணாச்சிக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ஃபைனும் பெனால்டியும் போட்டு விட்டார்கள். ஆனால் அதற்குள் சிஎஃப்எஸ் (கன்டெய்னர் கிடங்கு) வாடகையும், கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதமானதற்கு ஷிப்பிங் லைன் போடும் டிடென்ஷனும் ஏறி, லாபத்தைத் தின்று முதலையும் கடித்துவிட்டது.

இன்னொன்று, ஆர்டர் போட்ட அன்று ஃப்ரீ (லைசென்ஸ் தேவையில்லை) என்று பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் 3ல் லேப்டாப்பை உடனடி அமலோடு ரெஸ்ட்ரிக்டெட் ஆக்கினார்கள், மறுநாளே நவம்பர் 1க்குத் தள்ளி வைத்தார்கள். அந்த ஒரு நாளில் எனக்கு வந்த போன்கள் கொஞ்சநஞ்சமல்ல. கப்பலில் ஏற்றும் முன்பு சரக்கின் எச்எஸ் கோடு (சுங்க வகைப்பாட்டு எண்) எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று இன்னொரு தடவை பாருங்கள்.

பழைய மெஷின், பருப்பு இறக்கி மாட்டியவர்கள் யாராவது இருந்தால், ஃபைன் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.