கப்பாமா: பூசணி குழைஞ்சு போச்சு, உள்ளே அரிசி வேகலை. உதவுங்க!

மாடிவீட்டு மலர்:
வணக்கம். கணவர் வேலைக்காக ஆர்மீனியாவோட தலைநகர் யெரெவானில் இருக்கோம். புத்தாண்டுக்கு எதிர்வீட்டுப் பாட்டி கப்பாமா கொடுத்தாங்க. பூசணியைக் குடைஞ்சு அரிசி, உலர்பழம், வாதுமை, வெண்ணெய், தேன் அடைச்சு ஓவனில் சுடுறது. பட்டை வாசனையோட அப்படி ஒரு ருசி! இங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 6. அன்னைக்கு நானே செஞ்சு கொடுக்கணும், அவங்க தட்டை வெறுந்தட்டா திருப்பித் தர மனசு வரலை.

நேத்து முயற்சி பண்ணினேன். 2 கிலோ பூசணி, ஒரு கப் அரிசி (அரை மணி நேரம் ஊறவெச்சது), பாதாமி, திராட்சை, அக்ரூட், 5 கரண்டி தேன், அரை கப் தண்ணி. 180 டிகிரியில் ஒன்றரை மணி நேரம். பூசணி மெத்துனு ஆயிடுச்சு, அரிசி நறுக்குனு நிக்குது. இன்னும் 40 நிமிஷம் வெச்சேன், ஒரு பக்கம் வெடிச்சு சரிஞ்சிருச்சு.

குக்கர்குமார்:
தண்ணி பத்தலை. அரிசியை குக்கரில் 3 விசில் விட்டு அடைங்க.

அடுப்படி அத்தை:
வேண்டாம் தம்பி, முழுசா வெந்ததை அடைச்சா களியாயிடும்.

மலர், சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லத்தை எப்போ போடுவே? அரிசி வெந்த பிறகுதானே? இனிப்பு சேர்ந்த தண்ணியில் அரிசி வேக ரொம்ப நேரம் பிடிக்கும். வேகவைக்காத அரிசியோட 5 கரண்டி தேன் போட்டிருக்கே, அதான் காரணம். அரிசியை நிறைய உப்புத் தண்ணியில் 7, 8 நிமிஷம் கொதிக்கவிடு. நகத்தால் நசுக்கினா நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும் தெரியணும். உடனே வடிச்சிடு. பூசணி உட்சுவரில் ஒரு கரண்டி தேன் தடவினா போதும், மிச்சத்தைக் கடைசி கால் மணி நேரத்தில் மூடியைத் திறந்து ஊத்து. முக்கால்வாசிக்கு மேல அடைக்காதே கண்ணு. அரிசி உப்பும்போது இடமில்லாட்டி பூசணி வெடிக்கும்.

ஆரரத்துக்கு இந்தப்பக்கம்:
அத்தை சொல்றது சரி. யெரெவானில் 4 வருஷம் இருந்தேன். அங்கே திராட்சைப் புலாவுக்கும் அரிசியை முக்கால் பதத்தில் வடிச்சுத்தான் தம் போடுவாங்க, பாத்திர அடியில் வெண்ணெய் தடவின லவாஷ் ரொட்டியை விரிச்சு. முறுகின அந்த ரொட்டிக்கு வீட்டில் போட்டியே நடக்கும். ஜனவரி 5 ராத்திரி மீனோட அந்தப் புலாவும் இருக்கும், பாட்டி கூப்பிட்டா போயிடுங்க! பூசணி கனமா, தோல் தடிமனா இருக்கட்டும். உலர்பழம் யெரெவானில் ‘கும்’னு ஒரு சந்தை இருக்கு, அங்கே வாங்குங்க. ஓவன் தட்டில் ஒரு விரல் உயரத்துக்கு வெந்நீர் ஊத்தி அதுக்குள்ளே பூசணியை வைங்க.

மாடிவீட்டு மலர்:
அத்தை, வடிக்கிற அரிசிக்கும் அரை கப் தண்ணி ஊத்தணுமா?

அடுப்படி அத்தை:
கால் கப் போதும், கொதிக்கிற தண்ணியா ஊத்து. பூசணியும் தண்ணி விடும்.

மாடிவீட்டு மலர்:
வந்துடுச்சு அத்தை! ஒரு மணி 20 நிமிஷம் ஆச்சு. பாட்டி மேலேர்ந்து கீறிவிட்டாங்க, பூ மாதிரி விரிஞ்சது. அரிசி ஒவ்வொண்ணும் தனித்தனியா, பூசணிச் சதையோட சேர்த்துச் சாப்பிட அவ்வளவு நல்லா இருந்தது. அடி மட்டும் லேசா தீஞ்சிடுச்சு, தட்டில் வெந்நீர் பாதியிலேயே வத்திப்போச்சு. நடுவில் ஒரு தடவை பார்த்து ஊத்தியிருக்கணும்.