பொட்டோசிச் சுரங்கத்துக்குள் போனவர்கள் இருந்தால் எழுதுங்கள்

மேட்டுத்தெரு:
பொலிவியா போய் வந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதனால் மலை, வெள்ளி என்று முன்கதை எதுவும் சொல்லப் போவதில்லை. போய் வந்து ஆறு வருஷம் ஆகிறது, ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. பொட்டோசி ஊரை ஒட்டிய வெள்ளி மலையான செர்ரோ ரிக்கோவுக்குள், இன்னும் வேலை நடக்கிற சுரங்கத்தில், சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் போகிற அதே சுற்றுதான். காலையில் சுரங்கக்காரர் சந்தையில் கோக்கா இலை (களைப்புத் தெரியாமல் இருக்கக் கன்னத்தில் அடக்கி மெல்லுவார்கள்), சோடா, ஒரு டைனமைட் குச்சி (சின்னக் கடையில் மெழுகுவத்தி மாதிரி வைத்து விற்பார்களே, அதுதான்) எல்லாம் அவர்களுக்குக் கொடுப்பதற்காக வாங்கிக்கொண்டோம். உள்ளே அரை மணி நேரம் குனிந்தே நடந்திருப்போம், வழிகாட்டி திடீரென்று சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்லிக் கத்தினார். தண்டவாளம் அதிர்ந்தது. இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்த ட்ராலி சரியாக எங்கள் முன்னால் தடம் புரண்டு நின்றது. அவர்கள் கம்பி வைத்து நெம்ப நெம்ப நாங்கள் ஏழு பேரும் விளக்கு வெளிச்சத்தை அவர்கள் மேல் அடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றோம். சின்னவனுக்குப் பதினேழு வயது இருக்கும், கன்னத்தில் கோக்கா உருண்டை. மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "இதைப் பார்க்க எவ்வளவு கொடுத்தாய்?" என்று கேட்டான். எழுபது பொலிவியானோ என்றேன். நான் கொடுத்தது நூற்றைம்பது. எதற்காக அந்தப் பொய் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

பழங்காசு:
நான் சுரங்கத்துக்குப் போகவில்லை, பொட்டோசி ஊருக்குள் இருக்கும் காசா தெ லா மொனேதாவில் ஒரு முழு நாள் இருந்தேன். 1773-ல் கட்டி முடித்த நாணயச்சாலை, இப்போது அருங்காட்சியகம். மேல்தளத்தில் வெள்ளிப் பாளத்தை நசுக்கித் தகடாக்கும் மரப்பல்சக்கரங்கள் ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கின்றன. அவற்றைச் சுற்ற வைத்த கோவேறு கழுதைகள் கீழ்த்தளத்தில், வெளிச்சமே இல்லாத அறையில் நடந்துகொண்டிருந்தவை. அந்தக் கீழ் அறையில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் வெகு நேரம் வெளியே வரவில்லை. எனக்கு இதில் இன்னொரு பிடிப்பும் உண்டு, நான் சோழமண்டலக் கரைக்காரன். நம் கரைத் துணியை வாங்க வந்த ஐரோப்பியக் கம்பெனிகளிடம் நமக்கு விற்க உருப்படியான சரக்கு இல்லை, கொண்டுவந்து கொட்டியது வெள்ளிதான், அந்த வெள்ளியில் பெரும்பங்கு ஸ்பானிய அமெரிக்காவிலிருந்து வந்தது. அப்படியென்றால் அந்தக் கழுதைகள் நடந்த நடைக்கும் நம் ஊர்த் தறிகளுக்கும் ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. இன்று பொலிவியா தன் காசைக்கூட வெளிநாட்டில் அடித்து வாங்குகிறது.

ஒற்றைப்பனை:
மேட்டுத்தெரு, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சுற்றுக்கு யாருமே போகக்கூடாது என்பது என் கட்சி. நான் வாசல் வரை போய்த் திரும்பியவன். எங்கள் வழிகாட்டி (அவரே முன்னாள் சுரங்கக்காரர்) 80 லட்சம் பேர் இந்த மலைக்குள் செத்தார்கள் என்று மனப்பாடம் மாதிரி ஒப்பித்தார், கூட வந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த எண்ணை இங்கேயும் யாராவது எழுதுவீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன், அதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. கணக்கு உள்ள விஷயமே போதுமான அளவு கொடூரம். 1570-களில் ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோ மித்தாவை, அதாவது பழங்குடிகள் முறை வைத்துச் செய்ய வேண்டிய கட்டாய வேலையை, ஒழுங்குபடுத்தினார். சுற்றுவட்டப் பதினாறு மாகாணங்களிலிருந்து ஏழில் ஓர் ஆண் என்ற கணக்கில் வருஷத்துக்குச் சுமார் 13,000 பேர், குடும்பத்தோடு வாரக்கணக்கில் நடந்து வந்து இந்த மலைக்குள் இறங்கினார்கள். வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம், அதைக் காலால் மிதித்துக் கலந்தவர்களும் இவர்கள்தான். 1812 வரை சட்டப்படி நடந்தது. அதே இடத்தில் நாம் ஹெல்மெட் போட்டு நின்று படம் எடுப்பது சரியா? அந்தப் பையன் கேட்டதும் அதைத்தானே?

கொடிமுந்திரி:
ஒற்றைப்பனை, வாசல் வரை போனவர் அங்கே இருந்த மண்குடிசையைப் பார்க்கவில்லையா? பெரும்பாலும் விதவைகள், பிள்ளைகளோடு அதிலேயே தங்கி, இரவில் கருவிகள் களவு போகாமல் காவல் இருக்கிறார்கள். அந்த அக்கா ஒருத்தியிடம் ஐந்து கல் வாங்கினேன், கழிவுக் குவியலில் பொறுக்கியது, பைரைட் என்ற தங்க நிறத் தாது அதில் மினுங்கும். வெயிலில் உட்கார்ந்து கல்லைச் சுத்தியால் உடைத்துத் தாதுவைத் தேடும் பெண்களைப் பள்ளிரி என்பார்கள், அவளும் பகலில் அந்த வேலைதான். காசை வாங்கி எண்ணாமல் பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டு, நாளைக்கும் ஆள் கூட்டி வருவாயா என்று கேட்டாள். நீங்கள் யாரும் போகக்கூடாது என்கிறீர்கள், அவளுக்கு அதில் என்ன லாபம்? 1985-ல் தகர விலை விழுந்து அரசுச் சுரங்கங்கள் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, கூட்டுறவு என்ற பெயரில் அவரவர் உயிருக்கு அவரவரே பொறுப்பாகத்தான் அந்த மலை ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது வெள்ளியை விடத் துத்தநாகம்தான் அதிகம் வருகிறது.

நாடித்துடிப்பு:
என் கதை சின்னது. தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் முன்னாள் சுரங்கக்காரர், ராத்திரி படுக்கவே மாட்டார், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். சிலிக்கோசிஸ். கல்தூசி நுரையீரலில் தழும்பாகிவிட்டால் திரும்பச் சரியாகாது, நான் மருத்துவர், ஆனால் அங்கே என் கையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவர் இருமல் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சரி, போகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஊரே சுமார் 4,000 மீட்டர் உயரம். விமானத்தில் இறங்கி நேராக அங்கே போகாதீர்கள், சுக்ரேயில் (சுமார் 2,800 மீட்டர்) இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள். முதல் நாள் படிக்கட்டு, மது இரண்டும் வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று வந்தால் அதுதான் அவர்கள் சொல்லும் சொரோச்சே, உயரத்தால் வரும் நோய். அதைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். கோக்கா டீ இதமாக இருக்கும், ஆனால் அது மருந்துக்கு மாற்று இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த ராத்திரியே கீழே இறங்கிவிடுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் சுரங்கத்துக்குள் போகவே வேண்டாம். கோக்கா இலையை ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே அது குற்றம்.

கல்சட்டி:
இதை விட உயரம் பெருவின் லா ரின்கோனாதா, 5,100 மீட்டர், தங்கம். முப்பது நாள் சம்பளமில்லாமல் வேலை, அப்புறம் ஒரு நாள் தோண்டியதைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம், அதில் தங்கம் இருந்தால் உண்டு. நான் போனதில்லை. பொட்டோசியில் நான் மறக்காதது காலப்புர்க்கா, மக்காச்சோள மாவுக் குழம்பின் நடுவே பழுக்கச் சுட்ட எரிமலைக் கல்லைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள், மேஜையிலேயே கொதிக்கும். பக்கத்து மேஜையில் நான்கு சுரங்கக்காரர்கள். ஒருவர் குடிக்கும் முன் கொஞ்சம் தரையில் ஊற்றினார். பச்சமாமாவுக்கு, பூமித்தாய்க்கு. மலைக்குள்ளே இருப்பவருக்கு வெள்ளிக்கிழமைதான் என்றார். தியோ, அதாவது மாமா. உள்ளே இருக்கும் கொம்பு வைத்த மண்சிலையை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சாமி என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் சிகரெட்டும் சாராயமும் வைக்காமல் வேலையில் இறங்க மாட்டார்கள்.

ஒற்றைப்பனை:
கொடிமுந்திரி, அந்த அக்கா விஷயத்தில் நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது. ஆனால் 2011-ல் மலை உச்சியே உள்வாங்கிப் பள்ளம் விழுந்தது, 2014-ல் யுனெஸ்கோ பொட்டோசியை ஆபத்தில் உள்ள உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் வைத்தது. அதற்குள் ஆட்களைக் கூட்டிப் போகலாமா என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மேட்டுத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. முதல் பதிவில் ஒன்றை விட்டுவிட்டேன், எழுதக் கூச்சமாக இருந்தது. நான் எழுபது என்றதும் அந்தப் பையன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லை, நூற்றைம்பது. பிளாசா சதுக்கத்துக்குப் பக்கத்தில் பலகையில் எழுதியிருக்கிறது" என்றான். குரலில் கோபம் எதுவும் இல்லை. பெரியவர் ஏதோ சொன்னார், இருவரும் தோளைக் கொடுத்து ட்ராலியைத் தண்டவாளத்தில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போனார்கள். வாங்கி வந்த சோடா என் பையில்தான் இருந்தது, கொடுக்கத் தோன்றவில்லை.