ஹைட்ரேஷன்: ‘நீரேற்றம்’ வேண்டாம், ‘உயிரேற்றம்’ வைப்போம்

வணக்கம்.

சர்வரிலிருந்து தயாராக வந்த இணையப் பக்கத்தை, பிறகு இறங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இயங்க வைப்பதை ஆங்கிலத்தில் ஹைட்ரேஷன் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நீரேற்றம்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஐயா ஒருவர் நேற்று எழுதியிருந்தார். வேதியியலுக்கு அது சரியான சொல். இணையப் பக்கத்துக்கு ஒட்டாது என்பது என் எண்ணம்.

கோடம்பாக்கத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் சொல்லித்தருகிறேன். பேருந்து நேரம் காட்டும் தளம் ஒன்றை அவர்கள் செய்தார்கள். கடற்கரை போகும் மின்ரயிலில், கிண்டியில் வண்டி நின்றபோது அதைத் திறந்தேன். சிக்னல் சுமார்தான். ஆனாலும் பக்கம் சட்டென்று வந்துவிட்டது, பக்கத்தின் எழுத்தும் அமைப்பும் அடங்கிய எச்டிஎம்எல் சர்வரிலேயே தயாராகி வருகிறதல்லவா! ‘அடுத்த பேருந்து’ பொத்தானை நாலு தடவை அழுத்தினேன். அசையவில்லை. சைதாப்பேட்டை வந்தபோதுதான் ஜாவாஸ்கிரிப்ட் முழுதாக இறங்கி, பொத்தான் வேலை செய்தது.

உடல் முன்னால் வந்துவிட்டது, உயிர் பிறகு ஏறியது. மெய்யின் மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆவதை ஒன்றாம் வகுப்பிலேயே படித்த நமக்கு இதில் தண்ணீர் எதற்கு? ‘உயிரேற்றம்’ என்போம்.

வினையாகவும் நன்றாக வளைகிறது: உயிரேற்று, உயிரேறிய பக்கம், உயிரேறாத பொத்தான். இணையப் பக்கங்கள் கட்ட உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தின் 16-ஆம் பதிப்பு 2017-இல் கொண்டுவந்த ‘ஹைட்ரேட்’ செயற்கூறை (ஃபங்ஷன்) ‘உயிரேற்று’ என்று அப்படியே சொல்லலாம்.

தளம் கட்ட எந்தச் சட்டகத்தை (ஃபிரேம்வொர்க்) எடுப்பது என்று பேசும்போதும் இந்தச் சொல் கைகொடுக்கும். நக்ஸ்ட், ஸ்வெல்ட்கிட் என்ற சட்டகங்கள் இரண்டும் இயல்பாகப் பக்கம் முழுவதையும் உயிரேற்றும். நெக்ஸ்ட் என்ற சட்டகத்தின் புதிய முறையில், சர்வரில் மட்டும் ஓடும் ‘சர்வர் கூறு’களுக்கு அது கிடையாது. ஆஸ்ட்ரோ என்ற சட்டகம் நாம் கேட்ட இடத்தில் மட்டும் உயிரேற்றும், அது ‘பகுதி உயிரேற்றம்’. செய்தித் தளத்துக்கு நான் ஆஸ்ட்ரோவைத்தான் சொல்வேன், வாசிக்கும் பக்கத்துக்கு அவ்வளவு ஜாவாஸ்கிரிப்ட் தேவையில்லை.

அப்புறம், ஹைட்ரேஷன் மிஸ்மேட்ச்: சர்வர் அனுப்பியதும் உலாவி கணக்கிடுவதும் வேறுபடுவது. உலக நேரத்தில் ஓடும் சர்வர் 12.30 என்று எழுதி அனுப்பும், நம் ஊர் உலாவி அதையே மாலை 6.00 என்று கணக்கிடும். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் இரண்டும் ஒத்துப்போகாமல் ரியாக்ட் எச்சரிக்கை விடும். இதற்கு ‘உயிரேற்றப் பிணக்கு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘பிணக்கு’ கொஞ்சம் கனமாக இருக்கிறதோ? ‘பொருந்தாமை’ போதுமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் வகுப்புக் குறிப்பில் சேர்த்துவிடுவேன்.