'ரேங்க்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: 'தரம்' வேண்டாம்

வணக்கம். காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழிக்குள், அணிகளைக் கையாளும் ஏ.பி.எல். மொழியின் பாணியில் அணி நிரலாக்கத்தை உட்பொதிப்பது பற்றிய குறிப்பில் 'ரேங்க்' அடிக்கடி வருகிறது. ஓர் அணிக்கு எத்தனை அச்சுகள் என்பதே அது. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல் சொல் 'தரம்'. அதை இங்கே எடுக்கக் கூடாது.

மொரிசியசின் 9 மாவட்டங்களுக்கு 12 மாத மழையளவை அணியாக வைத்தால் வடிவம் (ஒவ்வோர் அச்சின் நீளம்) 9 12, ரேங்க் 2. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே மழை என்றாலும் 2தான். கணிதத் தரமோ ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை; அது அப்போது 1 ஆகிவிடும். பிரெஞ்சில் 'ராங்' என்றாலும் இதே சிக்கல். பைதான் மொழியின் அணி நூலகமான நம்பையும் 'ரேங்க்' என்ற சார்பைக் கைவிட்டது. 'அச்செண்' எப்படி?
— ரோஸ் ஹில்

ஐயா, 'அச்செண் 1' என்றால் முதல் அச்சு என்றுதான் படிப்பார்கள். அந்தப் பொருளுக்கும் சொல் வேண்டுமே: உங்கள் அணியை மாத அச்சில் கூட்டினால் 9 எண்கள், மாவட்ட அச்சில் கூட்டினால் 12. எந்த அச்சு என்பதைச் சொல்ல 'அச்செண்' இருக்கட்டும். ரேங்க்குக்கு 'அச்சுத்தொகை' எனலாமா?
— காத்ர் போர்ன்

'மாத அச்சுத்தொகை' என்று எழுதினால் கூட்டுத்தொகை ஆகிவிடும். 'அச்செண்ணிக்கை' நீளம்தான், ஆனால் பொருள் பிசகாது.

லிஸ்ப்பில் 'ஆழம்' (ஒன்றுக்குள் ஒன்றாக எத்தனை அடுக்கு) என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ((1 2 3) (4 5 6)) என்ற லிஸ்ட்டின் ஆழம் 2. அதை 2 3 வடிவ அணியாக்கினால் அச்செண்ணிக்கை 2, ஏ.பி.எல். கணக்கில் ஆழம் 1. ((1 2 3) (4 5)) அப்படி மாறாது. வடிவம் 2 என்று மட்டும் கொடுத்தால் அணி கிடைக்கும். ஆனால் அச்செண்ணிக்கை 1, உறுப்புகள் இரண்டும் லிஸ்ட்டுகள். பிறகு எங்கோ 1 கூட்டும் இடத்தில் எண்ணுக்குப் பதில் லிஸ்ட் வந்து நிற்கும். உள் லிஸ்ட்டுகளின் நீளம் சமமா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். மேக்ரோ (நிரலை எழுதித்தரும் நிரல்) விரியும்போது தரவு கையில் இராது. எனவே மேக்ரோ உண்டாக்கும் நிரலில்தான் இந்தச் சோதனை இருக்க வேண்டும்.
— ரோஸ் ஹில்

அச்செண்ணிக்கைக்கு என் ஒப்புதல். தனி எண்ணுக்கு அச்செண்ணிக்கை 0 என்பதையும் வரையறையில் சேருங்கள். 'தரம் 0' என்றிருந்தால் கணக்குப் படித்தவர் பூச்சிய அணி என்று எடுத்துக்கொள்வார்.
— காத்ர் போர்ன்