கண்ணாடி போட்டால் மதிப்பெண் கூடுமா?

கேள்வி:
நான் ஏழாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஒரு பையன் எப்போதும் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று இரண்டு மாதம் திட்டித் தீர்த்தேன். போன வாரக் கண் பரிசோதனையில் கிட்டப்பார்வை என்று தெரிந்தது. அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. உடல்நலத்தைச் சரிசெய்தால் படிப்பு உண்மையிலேயே முன்னேறுமா? ஆய்வு ஏதாவது உண்டா?

பதில் 1:
உண்டு டீச்சர். சீனக் கிராமப்புறப் பள்ளிகளில் இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள், 2014-இல் முடிவு வெளியானது. கணக்கு மதிப்பெண் கூடியது. ஆனால் கையில் கொடுத்தும் நிறையப் பேர் போட்டுக்கொள்ளவில்லை!

பதில் 2:
எல்லாமே இப்படி நேராக வராது. கென்யாவில் பொருளாதார அறிஞர்கள் எட்வர்ட் மிகுவெலும் மைக்கேல் கிரெமரும் 75 பள்ளிகளில் குடற்புழு மாத்திரையை வைத்து ஆய்வு செய்தார்கள். மாத்திரை கொடுத்த பள்ளிகளில் மட்டம் போடுவது கால்வாசி குறைந்தது. தேர்வு மதிப்பெண் மட்டும் அசையவில்லை. மதிப்பெண்ணை மட்டுமே பார்த்தால் மாத்திரை வீண் என்றுதான் தோன்றும், வருகைப் பதிவேட்டையும் பாருங்கள்.

கேட்டவர்:
சரி, புரிகிறது. இவனும் கேலிக்குப் பயந்து கண்ணாடியைப் பையிலேயே வைத்திருக்கிறான். நானும் என்னுடையதை வகுப்பில் போடுவதில்லை (அழகு போய்விடுமாம்!). நாளைக்குப் போட்டுக்கொண்டு போகிறேன்.